பின் அட்டையிலிருந்து புரட்டுங்கள்

காட்பாடி ஜங்ஷனில் சென்னை வண்டிக்காகக் காத்திருந்த ஒரு காலையில்தான் என் முதல் போட்டோகிராபி இதழை வாங்கினேன். 2013 தீபாவளி போனஸில் செகண்ட் ஹேண்டாக ஒரு நிக்கான் டி3100 கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் வாங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. இதழின் அட்டையில் பனி மூடிய மலை. உங்கள் படங்களே மாறிவிடும் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. அரக்கோணம் வருவதற்குள் முழுக்கப் புரட்டி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கசங்காமல் அடுக்கி வைத்தேன். அடுத்த மாதம் இன்னொன்று, அதற்கடுத்த மாதம் வேறொன்று. மூன்று வருடத்தில் நாற்பது இதழ்கள் சேர்ந்துவிட்டன.

படங்கள் மாறவில்லை. அக்கா மகளுக்கு வள்ளிமலையில் காது குத்தினார்கள். அன்று நான் எடுத்த இருநூறு படங்களில் குழந்தையின் முகம் தெளிவாக இருந்தது நாலைந்தில்தான். மற்றவற்றில் கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல நிழல், வேட்டியெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆல்பத்துக்கு மச்சான் தன் செல்போனில் எடுத்த படங்களைத்தான் கொடுத்தாள். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

சத்துவாச்சாரியில் நான் பிரிண்ட் போடும் ஸ்டுடியோ அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். பிலிம் ரோல் காலத்திலிருந்து கல்யாணப் படம் எடுப்பவர் அவர். "இன்னா தம்பி, இவ்ளோ புக்கு வாங்கற. அதுல ஒரு படத்தையாவது அதே மாதிரி எடுத்துப் பார்த்தியா?" என்று கேட்டார். இல்லை. ஒன்றைக்கூட எடுத்துப் பார்த்ததில்லை. எடுத்துப் பார்க்கிற மாதிரியான படங்களும் அந்த இதழ்களில் அதிகம் இல்லை என்பது அன்று ராத்திரி நாற்பதையும் தரையில் பரப்பி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பாதிக்கு மேல் கேமரா, லென்ஸ், பை, ஸ்டாண்ட் பற்றிய பக்கங்கள். நான் படமெடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. எதை வாங்கலாம் என்று ஆசைப்படத்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். தோல் வந்து இறங்கினால் முன்பக்கத்தின் பளபளப்பை மட்டும் பார்த்து யாரும் எடுத்துவிட மாட்டோம். திருப்பிச் சதைப் பக்கத்தைப் பார்ப்போம். உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு அங்கேதான் இருக்கும். வயிற்றுப் பகுதியை இழுத்துப் பார்ப்போம், எவ்வளவு நீள்கிறது என்று. பதினைந்து வருடமாகத் தினமும் செய்கிற வேலை. இதழ் வாங்கும்போது மட்டும் ஏன் அட்டையைப் பார்த்தே காசு கொடுத்தேன் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு எந்த இதழை எடுத்தாலும் பின் அட்டையிலிருந்துதான் புரட்டுகிறேன்.

பின் அட்டையில் பெரும்பாலும் ஒரு கேமரா கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் இருக்கும். அது தப்பில்லை, விளம்பரம் இல்லாமல் அந்த விலைக்கு இதழ் தர முடியாது. ஆனால் அதே கம்பெனியின் புது மாடலைப் பற்றி உள்ளே மதிப்பீடு வந்திருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். அதில் ஒரு குறையாவது நேராகச் சொல்லியிருக்கிறார்களா? "போன மாடல் கையில் இருந்தால் இது தேவையில்லை" என்கிற மாதிரி ஒரு வரியாவது உண்டா? மூன்று மாத இதழ்களில் எல்லாக் கேமராவும் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் வாங்கியிருந்தால் அந்த மதிப்பீட்டுப் பக்கங்களை நான் விளம்பரக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

அடுத்து, வாசகர்கள் அனுப்பிய படங்களைத் திருத்திக் காட்டும் பகுதி. அது பெரும்பாலும் இதழின் பிற்பாதியில்தான் இருக்கும். இதழின் சதைப் பக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். நம்மைப் போன்ற ஒருவர் எடுத்த சாதாரணப் படத்தைப் போட்டு, இடது ஓரத்தில் கம்பம் ஏன் இடிக்கிறது, கேமராவை முட்டி உயரத்துக்கு இறக்கியிருந்தால் பின்னால் இருக்கும் கூட்டம் எப்படி மறைந்திருக்கும், எங்கே வெட்டினால் படம் நிமிரும் என்று எழுதியிருப்பார்கள். நன்றாக எழுதப்பட்ட அப்படி ஒரு பக்கம், பெரிய கலைஞர்களின் இருபது பக்கப் படத்தொகுப்பைவிட ஆரம்பத்தில் அதிகம் கற்றுக்கொடுக்கும். வெறும் "அருமை", "வண்ணங்கள் அழகு" என்று எழுதும் இதழ்களும் உண்டு. அவற்றைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மூன்றாவது, படத்தின் கீழே இருக்கும் குறிப்பு. எத்தனை எம்எம் லென்ஸ், என்ன அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் எவ்வளவு (ஒளி உள்ளே வரும் நேரம்), ஐஎஸ்ஓ எவ்வளவு (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) என்பதைப் போட்டிருக்கிறார்களா? அதோடு நிறுத்தாமல், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, ஏன் அந்த நேரம், எத்தனை முறை முயற்சி செய்தார்கள் என்று இரண்டு வரியாவது எழுதியிருக்கிறார்களா? வெறும் எண்களால் பயன் குறைவு. ஒரு படத்தில் 1/15 நொடி என்று போட்டிருந்தால் அது வெளிச்சம் போதாததாலா, அசைவு தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்ததா என்று தெரிந்தால்தான் நாம் அதைச் செய்து பார்க்க முடியும்.

இந்த மூன்றையும் பார்க்கக் கடையில் பத்து நிமிடம் போதும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஓர் இதழ் விலைக்கு ஆம்பூர் பிரியாணியே சாப்பிடலாம், பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இந்த இதழ்கள் இங்கிலீஷில் இருப்பது ஒரு தடைதான், மறைப்பதற்கில்லை. நான் பத்தாவது முடித்துவிட்டு வேலைக்கு வந்தவன். கட்டுரைகள் முதலில் எனக்கு மலையாகத்தான் இருந்தன. படத்துக்குக் கீழே வரும் குறிப்புகளை மட்டும் படிக்க ஆரம்பித்தேன். சின்னச் சின்ன வாக்கியங்கள், கூடவே படமும் இருப்பதால் அர்த்தம் பிடிபட்டுவிடும். நாற்பது, ஐம்பது சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். ஆறு மாதத்தில் கட்டுரையும் ஓரளவு புரிய ஆரம்பித்தது. இங்கிலீஷ் தெரியாது என்று ஒதுங்கி நிற்பவர்கள் இந்த வழியில் தாராளமாக இறங்கலாம்.

இனி எந்த நாட்டு இதழ் என்பதைப் பற்றி. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் என் மூன்று வருடம் பெரும்பாலும் இதில்தான் போனது.

போட்டோகிராபி இதழ்களுக்கு வயது அதிகம். இங்கிலாந்தின் அமெச்சூர் போட்டோகிராபர் 1884-இலிருந்து வருகிறது. அமெரிக்காவின் பாப்புலர் போட்டோகிராபி 1937-இல் தொடங்கி 2017-இல் அச்சை நிறுத்தியது. நம் நாட்டில் பெட்டர் போட்டோகிராபி, ஸ்மார்ட் போட்டோகிராபி, ஏஷியன் போட்டோகிராபி ஆகியவை மும்பையிலிருந்து வந்தவை. வெளிநாட்டு இதழ்களின் தரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களுடைய சூரியன் வேறு.

லண்டன் பூமத்திய ரேகையிலிருந்து 51 டிகிரிக்கு மேல் வடக்கே இருக்கிறது. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி. டிசம்பர் கடைசியில் லண்டனில் மதியச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். பகல் முழுக்கச் சாய்ந்த வெயில். நமக்கு அதே நாளில் மதியச் சூரியன் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நட்ட நடு உச்சிக்கே வந்துவிடும், நிழல் காலடியில் சுருங்கிவிடும். அதோடு நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுகிறது, அங்கே சரிந்து எழுகிறது. மார்ச் மாதத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 6 டிகிரி ஏற இங்கே 25 நிமிடம், லண்டனில் 40 நிமிடம் ஆகும். ஆகவே "காலைப் பொன்னிற வெளிச்சத்தில் நிதானமாக எடுங்கள்" என்று ஓர் இங்கிலாந்து இதழ் எழுதினால் அந்த நிதானம் நமக்குக் கிடையாது. டீ குடித்துவிட்டு வந்தால் வெளிச்சம் போயிருக்கும்.

வள்ளிமலையில் எனக்கு நடந்தது இதுதான். குழந்தையை வெயில் படும்படி உட்கார வைத்தால் முகம் மலரும் என்று ஓர் இதழில் படித்திருந்தேன். அவர்களுடைய சாய்ந்த வெயிலுக்கு அது சரி. காலை பத்தரை மணிக்கு மலையடிவாரத்தில் அந்த வெயில் தலைக்கு மேலே இருந்தது. பாப்பாவை நாலடி தள்ளி மண்டப நிழலின் விளிம்பில், வெளியே பார்த்தபடி மாமன் மடியில் உட்கார வைத்திருக்க வேண்டும். இது பின்னால் ஓர் இந்திய இதழில், ஒரு கல்யாணப் படத்தின் குறிப்பில் படித்தது. தூண் நிழல், திண்ணை, ஓட்டு வீட்டு வாசல் என்று நம் வெயிலுக்கு நம் வீடுகளிலேயே வழி இருக்கிறது. நம் தோல் நிறம், பட்டுச் சரிகையின் மினுக்கல், கற்பூரப் புகை, பந்தலின் கலர்த்துணி முகத்தில் அடிக்கும் பச்சை, இதையெல்லாம் தெரிந்தவர்கள் எழுதும் இதழ் ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டு இதழை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது. எப்படிப் படிப்பது? ஸ்டுடியோ அண்ணன் சொன்னதை நான் ஒரு பழக்கமாக்கிக்கொண்டேன். ஓர் இதழுக்கு ஒரே ஒரு படம். அதைத் தேர்ந்தெடுத்து நோட்டில் நாலு கேள்விக்குப் பதில் எழுதுவேன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து? கேமரா எந்த உயரத்தில்? பின்னால் என்ன இருக்கிறது? எதை உள்ளே விடாமல் தவிர்த்திருக்கிறார்? பிறகு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி அதை நம் ஊரில் எடுத்துப் பார்ப்பது. படத்தை ஸ்டுடியோவில் சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டு அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவேன். இதழ் கசங்கினால் கசங்கட்டும்.

முதல் ஆறு மாதம் கோட்டையை விட்டு நான் வெளியே போகவில்லை. வேலூர்க் கோட்டை கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குப் பெரிய வரம். கருங்கல் மதில், கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு நன்றாக ஒத்துப்போகும். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும், அதாவது விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே வெள்ளை வேட்டி படச் சட்டம் முழுக்க நிறைந்தால் அதைச் சாம்பலாக்கிவிடும், நாம் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரண்டு மடங்காக, கூட்ட வேண்டும். கறுப்பு எருமை நிறைந்தால் வெளுக்க வைத்துவிடும், குறைக்க வேண்டும். இந்தக் கட்டுரையை நான் நாலு இதழில் படித்திருந்தேன். கோட்டைக்குள் நடைப்பயிற்சிக்கு வந்த வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவரை மதிலோரமும், சுண்ணாம்புச் சுவரோரமும் நிற்க வைத்து எடுத்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது. வள்ளிமலையின் வெள்ளைத் திட்டுகளுக்கும் காரணம் அன்றே விளங்கியது. அங்கே சட்டத்தில் பாதி மண்டபத்தின் இருட்டு. அதைச் சாம்பலாக்கப் பார்த்த மீட்டர், வெயிலில் நின்ற வேட்டிகளை எரித்துவிட்டது.

நேதாஜி மார்க்கெட்டில் விடியற்காலையில் இன்னொரு பாடம். பூக்கடை பல்பின் மஞ்சளும் வெளியிலிருந்து வரும் வானத்தின் நீலமும் ஒரே முகத்தில் இரண்டு பக்கமாக விழும். எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் காட்ட வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை எதற்கு வைத்தாலும் ஒன்று கெடும். பல்புக்கு வைத்து, வெளியே நீலமாகவே விட்டுவிட்டால் அழகாக இருக்கிறது என்பதை ஓர் இதழின் படத்தைப் பார்த்துத்தான் துணிந்தேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் குவித்து வைத்திருக்கும் இடத்தில் அந்த நீல வெளிச்சத்துக்கு வரும் மினுமினுப்பை ஒருமுறை பார்த்துவிட்டால் பிளாஷ் போட மனசு வராது.

சந்தா விஷயத்தில் ஓர் அடி பட்டேன். ஓர் இதழ், பெயர் வேண்டாம், இரண்டு வருடச் சந்தாவுக்கு ஒரு கேமரா பை இலவசம் என்றது. கட்டினேன். பை வந்தது. ஏழு இதழ்கள் வந்தன. அப்புறம் நின்றுவிட்டது. போன் எடுக்க ஆளில்லை, மீதிப் பணம் வரவில்லை. ஆகவே முதலில் மூன்று மாதம் கடையில் தனி இதழாக வாங்கிப் பாருங்கள். மூன்றிலும் நீங்கள் எடுத்துப் பார்க்கத் தகுந்த படம் இருந்தால் ஒரு வருடம் மட்டும் கட்டுங்கள். இலவசப் பொருளுக்காகக் கட்டவே கட்டாதீர்கள்.

பழைய இதழ்களை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். கேமரா மதிப்பீடு இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். ஜன்னல் வெளிச்சம் பழசாகாது. சென்னைக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் தேடுவேன். கட்டாக வாங்கினால் புது இதழ் ஒன்றின் விலைக்கு ஐந்தாறு கிடைக்கும். மேக்ஸ்டர் போன்ற செயலிகளில் படிப்பது மலிவுதான், நானும் சிலவற்றை அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் இரண்டு பக்கம் சேர்த்து விரித்த ஒரு படத்தைச் செல்போனில் பார்த்தால் பாதி போய்விடும். இடது பக்கப் படத்துக்கும் வலது பக்கப் படத்துக்கும் இருக்கும் பேச்சு தெரியாது. அதைப் படிக்கக் காகிதம் வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், திரையில் தெரியும் சில பளிச்சென்ற நீலமும் பச்சையும் அச்சு மையில் வராது. அச்சில் நிறம் அடங்கித் தெரிகிறதே என்று உங்கள் படத்தில் நிறத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

இடது, வலது பக்கப் படங்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் பேச்சுதான் என்னை அடுத்த இடத்துக்குக் கொண்டு போனது. தனிப்படம் ஓரளவு கைவந்த பிறகு பல படங்களைச் சேர்த்து ஒரு கதையாகச் சொல்லும் தொகுப்புகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் லைஃப் வார இதழ் 1936 முதல் 1972 வரை இதைத்தான் வாரா வாரம் செய்தது. 1948-இல் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் கொலராடோ மாநிலத்து ஒரு சிற்றூர் மருத்துவரோடு 23 நாட்கள் கூடவே இருந்து எடுத்த தொகுப்பு அதில் வந்தது. அதைப் பற்றி ஓர் இதழில் வந்த கட்டுரையை நான் பத்து முறையாவது படித்திருப்பேன். தூரத்திலிருந்து ஊர், பக்கத்தில் ஆள், இன்னும் பக்கத்தில் கை, நடுவில் ஒரு நெருக்கடி, கடைசியில் களைப்பு. ஒரே ஆளோடு நாள்கணக்கில் இருந்தால்தான் இது நடக்கும் என்று புரிந்தது.

என் மாமனார் ஊர் குடியாத்தம். மாமனாரின் தம்பி, எனக்குச் சின்ன மாமா, இன்னமும் குழித்தறியில் லுங்கி நெய்கிறார். ஐந்து ஞாயிற்றுக்கிழமை அவரோடு இருந்தேன். தறிக்குழிக்குள் இறங்கி மிதிக்கும் கால், பாவை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தடவிப் பார்க்கும் விரல், கூரை ஓட்டையிலிருந்து நூல் மேல் விழும் வெயில் எல்லாம் எடுத்தேன். குறுக்கு நூலைக் கொண்டு போகும் நாடா ஓடுவதை 1/500 நொடியில் எடுத்தால் அது அப்படியே அந்தரத்தில் நின்றது, தறியின் சத்தமே இல்லாத படம். 1/15-க்கு இறக்கி, கேமராவை ஸ்டூலில் அசையாமல் வைத்து எடுத்தபோது நாடா ஒரு கோடாக ஓடியது, மாமாவின் முகம் மட்டும் நின்றது. முன்பு சொன்னேனே, ஒரு படக்குறிப்பில் 1/15 என்று போட்டு ஏன் என்றும் எழுதியிருந்தால்தான் பயன் என்று, அது இந்தப் படத்துக்குத்தான் உதவியது.

பன்னிரண்டு படங்களை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் எடுத்துருக்கீங்க மாப்ளே. கைய எடுத்தீங்க, கால எடுத்தீங்க, நாடாவ எடுத்தீங்க. துணி எங்க?"

நெய்த துணி ஒரு படத்தில்கூட முழுசாக இல்லை. ஐந்து வாரம் இருந்தும் அது என் கண்ணில் படவில்லை. இதழ்களில் வாசகர் படத்தைத் திருத்தும் பகுதியைப் பற்றி இவ்வளவு சொன்னேன், அதைவிடச் சரியான திருத்தம் தறி மேடையில் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து வந்தது. நீங்கள் யாரை எடுக்கிறீர்களோ அவர்களிடம் பிரிண்டைக் கொண்டு போய்க் காட்டுங்கள். எந்த இதழும் இதை எனக்குச் சொன்னதில்லை.

துணியை அடுத்த வாரம் எடுத்தேன். மடித்த லுங்கியை வாசற்படி ஓரம் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நூல் நூலாகத் தெரியும்படி. மாமா அதைப் பார்த்துவிட்டு, "இதோட ஆரம்பம் வேணும்னா பாவு போடறத எடுக்கணும்" என்றார். தெருவில் பாவை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டு உலர்த்துவார்கள். இப்போது ஒன்றிரண்டு குடும்பங்கள்தான் அப்படிச் செய்கின்றனவாம். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுவார்கள். இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் நான் போய்ச் சேர்ந்தபோது சூரியன் கூரைக்கு மேலே வந்திருந்தது, பாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வேலூரிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரம். இந்த ஞாயிற்றுக்கிழமை போடுகிறார்கள் என்று மாமா நேற்று போன் செய்தார். நாலு மணிக்குக் கிளம்புகிறேன். தெரு கிழக்கே பார்த்து இருக்கிறது, 25 நிமிடம் கிடைக்கும்.